பல்கலைக் கழகங்களில் ஓட்டிசமுடைய மாணவர்: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக் கழகங்களின் வரலாற்றை எழுதுவோர், அவற்றின் வாயில்கள் யார் யாருக்கு எக்காலத்தில் திறக்கப்பட்டன என்பதைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் ஆகிய பல்கலைக் கழகங்களிலே அங்கிலிக்கன் திருச்சபையைச் சாராதார்க்கு இருந்த தடைகள் 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே பெரும்பாலும் நீங்கின. பெண்கள் கேம்பிறிட்ஜிலே முழுமையான பட்டத்திற்கு உரியவராவதற்கு 1948 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே கறுப்பினத்தவர் 1950 களிலும் 1960 களிலும் நீதிமன்றம் ஏறிப் போராடியே பல கல்லூரிகளுட் புகுந்தனர். இவையாவும் எழுதப்பட்ட விதிகளினாலே மூடப்பட்டிருந்த கதவுகள். விதி எழுத்தில் இருந்தமையால், அதனை எதிர்த்தோர்க்குத் தாம் எதனை எதிர்க்கின்றனர் என்பதும் தெளிவாயிருந்தது.

ஓட்டிசமுடைய மாணவரின் வரலாறு இவற்றினின்றும் வேறுபட்டது. அவர்களைப் பெயர் சொல்லி விலக்க வேண்டிய தேவை பல்கலைக் கழகங்களுக்கு ஏற்படவேயில்லை. அவர்களுட் பலர் பாலர் வகுப்பு வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். சிலர் பைத்தியசாலைகளிலே வாழ்நாளைக் கழித்தனர். எஞ்சியோர் 'விசித்திரமானவர்' என்னும் பெயருடன் பல்கலைக் கழகத்துட் புகுந்து, விதிநூலிற் காணப்படாத வழக்கங்களுடன் தனித்துப் போராடினர். உணவுமண்டபத்தின் இரைச்சல், கூடிப் பேசும் வழக்கம், குறிப்பாலுணர்த்தப்படும் கட்டளை, முன்னறிவிப்பின்றி மாறும் நேரசூசி என்பன அவ்வழக்கங்களுட் சில. இத்தகைய தடைகளைக் கடந்து சென்றோர் எதனாற் கடந்தனர் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். அவர்களது திறமை ஒன்றே அதற்குக் காரணமென்பது பொதுவான எண்ணம். வரலாற்றுச் சான்றுகளோ அத்திறமைக்கு எதிரே யாரோ ஒருவர் தமது இடத்தினின்றும் சிறிது நகர்ந்து கொடுத்ததைக் காட்டுகின்றன. அவ்வாறு நகர்ந்து கொடுத்தல் ஒரு காலத்தில் தற்செயலாக இருந்தது, பின்னர் உரிமையாயிற்று, எங்கும் வழக்கமாக இன்னும் ஆகவில்லை.

பெயர் தோன்றிய வகை

ஓட்டிசம் என்னும் சொல், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினடியாகச் சுவிற்சலாந்து உளவைத்தியராகிய யூஜீன் புளொய்லராலே ஆக்கப்பட்டது. அவர் 1911 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, புறவுலகினின்றும் விலகித் தம்முள் ஒடுங்கும் உளநோயாளரின் நிலையை அச்சொல்லாற் குறித்தார். சிறுவரிடத்துக் காணப்படும் ஒரு தனி இயல்பாக இதனைக் கண்டு விரிவாக எழுதியவருள் முற்பட்டவர் குறூனியா சுகரேவா என்னும் உருசியப் பெண் வைத்தியர். அவர் மொஸ்கோ நகரிலே தம்மிடம் வந்த ஆறு சிறுவரைப் பற்றி 1925 ஆம் ஆண்டில் உருசிய மொழியிலும் அடுத்த ஆண்டில் யேர்மன் மொழியிலும் எழுதினார். அக்கட்டுரை 1996 ஆம் ஆண்டிலேதான் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆதலால், இத்துறையின் தொடக்கம் 1943 ஆம் ஆண்டெனவே நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்தது. அவ்வாண்டிலே பல்றிமோர் நகரத்து யோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த லியோ கன்னர், எட்டு ஆண்பிள்ளைகளும் மூன்று பெண்பிள்ளைகளுமாகப் பதினொருவரின் வரலாறுகளை வெளியிட்டார். தனிமையை நாடுதலும், சூழலிலுள்ளவை மாறாதிருத்தல் வேண்டுமென்னும் தீவிர விருப்பமும் அவர்களுக்குப் பொதுவாயிருந்தமையை அவர் எடுத்துக் காட்டினார்.

அடுத்த ஆண்டில், வியன்னாவிலே ஹான்ஸ் அஸ்பேகர் என்பவர் ஏறக்குறைய இத்தகைய சிறுவரைப் பற்றித் தனியே எழுதினார். பல்கலைக் கழக வாழ்வு பற்றிய முற்காலக் குறிப்பொன்று அவரது கட்டுரையிற் காணப்படுகின்றது. அவர் பல்லாண்டுகள் அவதானித்து வந்த ஒருவன், சிறுவயது முதலே கணிதத்தில் ஈடுபாடு மிக்கவன். மனிதரோடு பழகுதலில் மிகவும் பின்தங்கியவன். பல்கலைக் கழகம் புகுந்து வானசாத்திரம் பயிலத் தொடங்கிய சிறிது காலத்துள், நியூற்றனின் கணிப்பொன்றிலே பிழை இருத்தலைக் கண்டு நிறுவினான். அதனையே கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொள்ளுமாறு அவனுடைய ஆசிரியர் கூறினார். வெகு விரைவிலே அவன் வானசாத்திரத் துறையில் ஆசிரியப் பதவியும் எய்தினான். நியூற்றனிலே பிழை கண்டேன் என்று வந்து நிற்கும் முதிராத மாணவனை நகைத்து அனுப்பிவிடாது, அவன் கூறியதைச் செவிமடுத்த அவ்வாசிரியரின் செயலும் இங்கே கருதத்தக்கது.

ஆயினும், அஸ்பேகரின் பெயரைப் புகழ்ச்சியோடு மட்டும் கூறிச் செல்லுதல் இயலாது. அவர் பணியாற்றிய காலம் நாற்சி ஆட்சிக் காலம். வியன்னாவிலிருந்த 'அம் ஸ்பீகல்குறுண்ட்' என்னும் நிலையத்திலே நூற்றுக்கணக்கான குறைபாடுடைய குழந்தைகள் கொல்லப்பட்டனர். அந்நிலையத்திற்கு அஸ்பேகரும் குழந்தைகளை அனுப்பியமையை ஹேர்விக் செக் என்னும் வரலாற்றாசிரியர் ஆவணங்களை ஆராய்ந்து 2018 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். ஒருபுறம் வானசாத்திரம் பயின்ற மாணவனின் ஆற்றல் வியந்து போற்றப்பட்டது. மறுபுறம் ஆற்றல் காணப்படாத குழந்தை அம்மாளிகையின் வாயிலிலே விடப்பட்டது. கல்வித் திறமையையே உயிரின் விலையாகக் கொள்ளும் அளவுகோல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

பொறெஸ்ற் நகரத்துச் சிறுவன்

கன்னரின் பதினொருவருள் முதலாவதாகக் குறிக்கப்பட்டவர் தொனல்ட் திரிப்லெற். மிசிசிப்பி மாநிலத்தின் பொறெஸ்ற் என்னும் சிறு நகரிலே 1933 ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் சட்டத்தரணி, தாயாரின் குடும்பத்தினர் அந்நகரத்து வங்கியை நிறுவியோருட் சிலர். சிறுவன் எண்களிலும் சுழலும் பொருள்களிலும் ஆழ்ந்து கிடந்தான். பெற்றோரை ஏறிட்டும் பாரான். வைத்தியர்களின் ஆலோசனைப்படி 1937 ஆம் ஆண்டில் நான்கு வயதும் நிரம்பாத நிலையில் ஒரு நிலையத்தில் விடப்பட்டான். ஏறக்குறைய ஓராண்டின் பின் பெற்றோர் அவனை வீட்டிற்கு மீட்டு வந்தனர். அவனை விட்டுவிடுமாறே அந்நிலையத்தார் கூறினர் என்பது கன்னரின் குறிப்பால் அறியப்படும். பின்னர்த் தந்தையார் மகனின் இயல்புகளை 33 பக்கங்களில் எழுதிக் கன்னருக்கு அனுப்பினார். அக்கடிதமே இத்துறையின் மூல ஆவணங்களுள் ஒன்றாயிற்று.

1942 ஆம் ஆண்டில் தொனல்ட், நகருக்குச் சிறிது தொலைவிலே வாழ்ந்த ஓர் எளிய கமக்காரத் தம்பதியின் வீட்டில் விடப்பட்டான். அவர்கள் செய்ததைக் கன்னர் நேரிற் கண்டு வியந்து எழுதியுள்ளார். சிறுவன் ஓயாது அளந்துகொண்டிருந்தான். அவனைக் கிணறு தோண்டச் செய்து, அதன் ஆழத்தை அளந்து கூறும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தனர். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்தான். அவற்றைப் புதைக்க ஓர் இடத்தை ஒதுக்கி, அடையாளம் நாட்டும்படி கூறினர். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். உழுதுகொண்டே எண்ணுமாறு விட்டனர். அவனும் குதிரையைப் பூட்டி நேராக உழுதான். பள்ளிக்கூடமும் அவனது விசித்திரங்களைப் பொறுத்துக்கொண்டு கற்பித்தது. உளநூலை ஏட்டிலும் கண்டிராத அக்கமக்காரர், சிறுவனின் பற்றினை அறுத்தெறிய முயலாது, அதற்கு ஒரு பயனைத் தேடிக் கொடுத்தனர். பிற்காலத்துப் பல்கலைக் கழகங்கள் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றுக்கொண்ட பாடம் அதுவே.

உயர்நிலைப் பள்ளியின் பின் தொனல்ட் ஒரு கனிட்ட கல்லூரியிலும், அதன் பின்னர் யாக்சன் நகரத்து மில்சாப்ஸ் கல்லூரியிலும் பயின்று, 1958 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மொழியிற் கலைமாணிப் பட்டம் பெற்றார். மாணவர் சங்கமொன்றிலும் உறுப்பினராயிருந்தார். ஊர் திரும்பித் தம் குடும்பத்தாரின் வங்கியிலே பணியாற்றினார். 27 ஆவது வயதில் மோட்டார் வாகனம் செலுத்தப் பழகினார். பல நாடுகளைத் தனியே சென்று பார்த்தார். கொல்வ் ஆட்டத்தில் நாள்தோறும் மகிழ்ந்தார். 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், 89 ஆவது வயதில் இயற்கை எய்தினார்.

அவரைப் பற்றி அவ்வூரில் வழங்கிய ஒரு கதை உண்டு. பாடசாலைக் கட்டடத்தின் முகப்பிலே எத்தனை செங்கற்கள் உள்ளன என மாணவர் வினவ, ஒரு நோக்கிலேயே எண்ணிச் சொன்னார் என்பது அக்கதை. முதுமையிலே அதுபற்றிக் கேட்கப்பட்டபோது, தாம் எண்ணவில்லை என்றும், வாயில் வந்த எண்ணைக் கூறியதாகவும், அப்பையன்கள் தம்மை நல்லவிதமாக நினைக்க வேண்டும் என்று விரும்பியதாகவும் விடையிறுத்தார். பிறர் மதிப்பை வேண்டாதவர், நட்பை அறியாதவர் என்றெல்லாம் இத்தகையோரைப் பற்றி நூல்கள் எழுதிவைத்த கூற்றுக்களை இவ்விடை தகர்க்கின்றது. நட்பை விரும்பினார், அதற்குரிய வழி அறியாதிருந்தார், கிடைத்த ஒரு வழியைப் பற்றிக்கொண்டார். எத்தனையோ விடுதிகளிலே எத்தனையோ மாணவர் இன்றும் செய்வது இதுவே.

எனினும், தொனல்டின் வெற்றி எத்தனை தற்செயல்களின் மேல் நின்றது என்பதையும் வரலாற்றாசிரியன் கணக்கிடல் வேண்டும். கற்ற பெற்றோர், செல்வம், குடும்பத்தாரின் வங்கி, இரக்கமுள்ள அயல் என்பன அவருக்கு வாய்த்தன. அவர் வெள்ளையராயிருந்ததும் அவற்றுள் ஒன்று. மில்சாப்ஸ் கல்லூரி கறுப்பின மாணவரை 1965 ஆம் ஆண்டிலேதான் ஏற்றுக்கொண்டது. அதே ஊரிலே அதே இயல்புடன் பிறந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன் எத்துணைத் திறமையுடையவனாயினும் அவ்வாயிலை 1958 இல் அணுகியிருத்தல் இயலாது. கன்னரே தம் பதினொருவரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்து 1971 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே, அரசாங்கப் பைத்தியசாலைகளில் விடப்பட்டவர்கள் தம்மிடமிருந்த திறன்களையும் விரைவில் இழந்து ஒடுங்கினர் என்றும், அவ்வாறு விடப்படுதல் ஆயுட்காலத் தண்டனையை ஒத்தது என்றும் கருத்துரைத்தார். அடுத்த ஆண்டில், 1953 ஆம் ஆண்டுக்கு முன் தம்மிடம் வந்த 96 பேரை ஆராய்ந்தபோது, சமூகத்தில் இயைந்து தம் உழைப்பால் வாழ்வோர் 11 பேர் எனக் கண்டார். அவர்கள் கட்டிளமைப் பருவத்திலே தமது வேறுபாட்டைத் தாமே உணர்ந்து, தமது தனி ஈடுபாடுகளையே பிறருடன் சேர்வதற்குரிய பாலமாக்கிக் கொண்டனர் என்பது அவர் கண்ட உண்மை.

இக்காலத்திற் பல்கலைக் கழகங்களே ஒரு பெருந்தவறுக்கு அரணாக நின்றமையும் மறைத்தற்கில்லை. தாயின் அன்பின்மையே பிள்ளையின் நிலைக்குக் காரணம் என்னும் கொள்கை பரவிற்று. சிக்காகோப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த பாடசாலையொன்றின் தலைவராயிருந்த புறூனோ பெற்றல்ஹைம் 1967 ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் அதனை மேலும் பரப்பிற்று. தாமே இத்தகைய மகனின் தந்தையாகிய பேணாட் றிம்லாண்ட் என்னும் உளவியலறிஞர், 1964 ஆம் ஆண்டிலேயே அதனை மறுத்து, ஓட்டிசம் பிறப்போடு வரும் உடலியற் காரணமுடையது என்று வாதித்திருந்தார். பிற்கால ஆராய்ச்சிகள் றிம்லாண்டின் பக்கமே சார்ந்தன. ஆயினும், அதற்கிடையில் எண்ணற்ற தாய்மார் குற்றமற்ற நெஞ்சிலே குற்றத்தைச் சுமந்தனர்.

பொறியும் ஆசிரியரும்

ரெம்பிள் கிராண்டின் என்னும் பெண்மணி 1947 ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிற் பிறந்தார். மூன்றரை வயதுவரை பேச்சு வரவில்லை. தாயாரின் விடாமுயற்சியால் பேச்சுப் பயிற்சியும் பாலர் வகுப்பும் கிடைத்தன. 14 ஆவது வயதில், தம்மை இகழ்ந்த மாணவியின் மேற் புத்தகத்தை எறிந்தமைக்காகப் பாடசாலையினின்றும் நீக்கப்பட்டார். பின்னர் நியூ ஹம்சயர் மாநிலத்தின் றிண்ட்ஜ் என்னும் இடத்திலிருந்த விடுதிப் பாடசாலையொன்றிற் சேர்ந்தார். அங்கே விஞ்ஞான ஆசிரியராயிருந்த வில்லியம் காலொக் என்பவரே அவரது வாழ்வின் திருப்பத்திற்குக் காரணரானார்.

விடுமுறையொன்றிலே அரிசோனா மாநிலத்திலிருந்த உறவினரின் கால்நடைப் பண்ணைக்குக் கிராண்டின் சென்றிருந்தார். தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகைகளால் நெருக்கிப் பிடிக்கும் பொறியை அங்கே கண்டார். வெருண்ட மாடுகளுட் சில அந்நெருக்கத்தில் அமைதியடைவதைக் கவனித்து, தாமும் அதனுட் புகுந்து பார்த்தார். பிறர் தீண்டலைத் தாங்கமாட்டாத அவருடைய உடல், தாமே கூட்டவும் குறைக்கவும் கூடிய அவ்வழுத்தத்தில் அமைதி பெற்றது. திரும்பி வந்து, மரத்தினால் அத்தகைய பொறியொன்றைத் தமக்கெனச் செய்துகொண்டார். பாடசாலையிலும், பின்னர் பிராங்ளின் பியேர்ஸ் கல்லூரியிலும் உளவியலாளர் அதனைத் தகாத செயலென எண்ணி, நீக்கிவிட முயன்றனர். காலொக்கோ, அப்பொறி அமைதியைத் தருவது உண்மையானால் ஏன் தருகின்றது என்பதைக் கண்டுபிடிக்குமாறு கூறி, ஆராய்ச்சிச் சஞ்சிகைகளை எவ்வாறு தேடிப் படித்தல் வேண்டுமென்பதைக் காட்டினார். பாடங்களில் நாட்டமற்றிருந்த மாணவி அன்று முதல் நூல்நிலையம் புகுந்தார். கல்லூரியிலே மற்ற மாணவரையும் அப்பொறியில் இருத்திப் பரிசோதித்து, அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோரும் அதனை இதமாக உணர்ந்தமையைக் கண்டார். நோய்க்குறி என ஒதுக்கப்பட்ட பொருள் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

கல்லூரிப் பாடங்கள் எளிதாயிருக்கவில்லை. சிந்தனை முழுவதும் படங்களாகவே அமைந்த அவருக்கு அட்சரகணிதம் விளங்கவில்லை. கணிதத்தின் முதற் பரீட்சையிலேயே தவறினார். உடனே ஆசிரியரை அணுகித் தனிப்போதனை பெற்றார். அக்காலத்திலே கல்லூரி விதித்திருந்த கணிதப் பாடம் வேறு வகையினதாய் இருந்தமையும் அவருக்கு வாய்ப்பாயிற்று. அட்சரகணிதமே கட்டாயமாயிருந்தால் தாம் பட்டம் பெற்றிருத்தல் அரிது என்பதை அவரே பின்னாளிற் பலமுறை எடுத்துக் கூறியுள்ளார். 1970 ஆம் ஆண்டில் உளவியலிற் பட்டம் பெற்றார். அரிசோனா மாநிலப் பல்கலைக் கழகத்தில் மாடுகளைப் பிடிக்கும் பொறிகளையும் அவற்றினுள் மாடுகள் நடந்துகொள்ளும் முறையையும் ஆராய முற்பட்டபோது, அது பட்டத்திற்குரிய பொருளன்று என்று விலங்கு விஞ்ஞானத் துறையிலே ஐயம் எழுந்தது. கட்டட நிருமாணத் துறையையும் கைத்தொழில் வடிவமைப்புத் துறையையும் சேர்ந்த ஆசிரியர் துணைநின்றனர். 1975 ஆம் ஆண்டில் முதுமாணிப் பட்டமும், 1989 ஆம் ஆண்டில் இலினோய்ப் பல்கலைக் கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றுக் கொலறாடோ மாநிலப் பல்கலைக் கழகத்திற் பேராசிரியரானார். 1986 ஆம் ஆண்டு வெளிவந்த அவரது தன்வரலாறு, ஓட்டிசத்தை உள்ளிருந்து கூறிய முதல் நூல்களுள் ஒன்று. அதுவரை இத்தகையோரைப் பற்றிப் பிறர் எழுதினர்; இனி அவர்கள் தாமே எழுதலாயினர்.

சட்டம் தந்தது

தொனல்டுக்கும் கிராண்டினுக்கும் கிடைத்த துணையனைத்தும் தனிமனிதரின் தயவு. தயவை வேண்டலாம், வழக்கிட்டுப் பெறல் இயலாது. அதனை உரிமையாக மாற்றியது சட்டம். அமெரிக்காவில் 1973 ஆம் ஆண்டு நிறைவேறிய புனர்வாழ்வுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவு, அரசாங்கப் பணம் பெறும் எந்த நிறுவனமும் உடற்குறையோ உளக்குறையோ காரணமாக எவரையும் விலக்கலாகாது என விதித்தது. ஆயினும், அதனைச் செயற்படுத்தும் ஒழுங்குவிதிகள் நான்கு ஆண்டுகள் கையொப்பமின்றிக் கிடந்தன. 1977 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே ஊனமுற்றோர் பலர் சான் பிரான்சிஸ்கோ நகரத்து அரசாங்கக் கட்டடத்துட் புகுந்து, மூன்று வாரங்களுக்கு மேலாக வெளியேற மறுத்திருந்தனர். அம்மாத இறுதியில் விதிகள் கையொப்பமாயின. 1975 ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் பாடசாலைக் கல்வியை உறுதி செய்தது. 1990 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஓட்டிசம் அதிற் பெயரோடு சேர்க்கப்பட்டது. பிரித்தானியாவிலே 1995 ஆம் ஆண்டு ஊனமுற்றோர்க்கெதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் எழுந்தது. 2001 ஆம் ஆண்டு அது கல்வி நிறுவனங்களையும் தழுவுமாறு விரிக்கப்பட்டது.

சட்டத்தோடு வைத்திய அறிவும் விரிந்தது. லோணா விங் என்னும் ஆங்கில உளவைத்தியர் 1981 ஆம் ஆண்டில் அஸ்பேகரின் கட்டுரையை ஆங்கில உலகிற்கு அறிமுகஞ் செய்தார். அமெரிக்க உளவைத்தியர் சங்கத்தின் கைந்நூலில் 1994 இல் அவர் பெயரால் ஒரு பிரிவு வகுக்கப்பட்டு, 2013 இல் அது ஓட்டிசம் என்னும் பரந்த பெயருள் அடக்கப்பட்டது. 1966 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியிலே விக்ரர் லொற்றர் எடுத்த கணக்கின்படி, 10,000 பிள்ளைகளுள் 4.5 பேரே இவ்வியல்புடையோர். 2022 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சில பகுதிகளில் எடுக்கப்பட்ட கணக்கில் எட்டு வயதினருள் 31 பேருக்கு ஒருவர் என்னும் விகிதம் காணப்பட்டது. வரைவிலக்கணம் விரிந்தமையும், பெற்றோரும் ஆசிரியரும் இனங்காணக் கற்றமையும் இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணங்கள். முன்னர் பெயரின்றியே பல்கலைக் கழகம் சென்றவர்கள் இனிப் பெயரோடு செல்லலாயினர்.

மேற்கு வேர்ஜினியாவின் மார்ஷல் பல்கலைக் கழகம் 2002 ஆம் ஆண்டிலே இத்தகைய மாணவர்க்கெனத் தனித் துணைத்திட்டமொன்றைத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே, தாமும் ஓட்டிசமுடையவராகிய டோன் பிறின்ஸ்-ஹியூஸ், ஓட்டிசமுடைய கல்லூரி மாணவர் தம் அநுபவங்களைத் தாமே எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார்.

மாணவரின் அநுபவம்

மாணவர் எழுதியவற்றையும் ஆராய்ச்சியாளர் கேட்டறிந்தவற்றையும் ஒருங்கே நோக்குமிடத்து, சில செய்திகள் மீண்டும் மீண்டும் வருதலைக் காணலாம். பாடத்தின் கடுமையைப் பற்றிய முறைப்பாடு அவற்றுட் பெரும்பான்மையன்று. குழாய்விளக்கின் இமைப்பும் மின்விசிறியின் ஓசையும் விரிவுரையைக் கேட்கவொட்டாது செய்தல், மண்டபம் மாறியதை அறியாது வெற்றறை முன் நிற்றல், 'சுருக்கமாக எழுதுக' என்னும் கட்டளையின் அளவு புரியாது கலங்கல், குழுவாகச் செய்யும் வேலையில் எப்போது பேசுவது எப்போது நிறுத்துவது என்பது தெரியாமை, விடுதியிலே நூறுபேர் நடுவே தனிமை என்பனவே பெரிதும் கூறப்படுகின்றன. தாம் விரும்பும் பொருளை அதே ஆர்வத்துடன் பேசும் ஆசிரியரையோ தோழரையோ முதன்முறையாகக் கண்ட மகிழ்ச்சியும் கூறப்படுகின்றது. பாடசாலையிலே நகைக்கப்பட்ட ஈடுபாடு பல்கலைக் கழகத்திலே கல்வித் துறையொன்றாக மதிக்கப்படுவதைக் காணுதல் சிறிய விடுதலையன்று.

சட்டம் தந்த உரிமையைப் பெறுதற்கு மாணவர் தம்மை வெளிப்படுத்தல் வேண்டும். வைத்தியச் சான்றும் காட்டல் வேண்டும். மேலதிக நேரமும் அமைதியான பரீட்சை அறையும் அதன்மேலேயே கிடைக்கும். புதியதோர் இடத்திலே பழைய பெயரின்றித் தொடங்க விரும்பும் இளைஞர்க்கு இது கடினமான தேர்வு. ஆதலாற் பலர் மறைத்தலை மேற்கொள்கின்றனர். பிறரின் முகக்குறிப்பையும் பேச்சையும் நகையையும் மனனஞ்செய்து நடித்து, மாலையிலே களைத்து அறைக்குள் வீழ்கின்றனர். பெண்களிடத்து இம்மறைப்பு மிகுதியாகக் காணப்படுவதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அவர்களுட் பலர் முதிர்ந்த பின்னரே இனங்காணப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

எண்கள் கூறுவதும் சிந்தனைக்குரியது. 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, கல்லூரி மாணவருள் நூற்றுக்கு 0.7 முதல் 1.9 வரையானோர் இவ்வியல்புக்குரிய இலக்கணங்களுக்கு உட்படலாம் என மதிப்பிட்டது. 2012 ஆம் ஆண்டு வெளிவந்த மற்றொன்று, பாடசாலையில் ஓட்டிசமுடையோர் எனக் குறிக்கப்பட்டவருள் நூற்றுக்கு 34.7 பேரே ஆறு ஆண்டுகளுட் கல்லூரியை எட்டினர் என்றும், பாடசாலை விட்ட முதலிரு ஆண்டுகளிலே பாதிக்கு மேற்பட்டோர் தொழிலோ கல்வியோ இன்றி இருந்தனர் என்றும் காட்டிற்று. இவர்களின் கல்லூரி அநுபவம் பற்றி அதுகாறும் எழுதப்பட்ட ஆய்வுகளை 2014 ஆம் ஆண்டிலே தொகுத்து நோக்கியோர், 20 கட்டுரைகளில் 69 மாணவரையே காண முடிந்தது. விண்மீன்களையும் அணுக்களையும் எண்ணிய பல்கலைக் கழகங்கள், தம் வகுப்பறையில் அமர்ந்திருந்தோரை எண்ணுதற்கு இத்தனை காலம் தாழ்த்தன.

2012 ஆம் ஆண்டிலே டேமியன் மில்ற்றன் என்னும் பிரித்தானிய அறிஞர், தாமும் ஓட்டிசமுடையவர், ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். ஓட்டிசமுடையோர் பிறர் மனத்தை அறிவதில் இடர்ப்படுதல் போலவே, பிறரும் ஓட்டிசமுடையோரின் மனத்தை அறிவதில் இடர்ப்படுகின்றனர். ஆதலால் விளங்காமை இருபாலதும் ஆகும் என்பது அவர் கூற்று. அக்கமக்காரத் தம்பதியும் காலொக்கும் சொல்லாமற் செய்து காட்டியதற்கு இதுவே கோட்பாடாக அமைந்தது எனலாம்.

மேதைமை என்னும் மயக்கம்

வெறுப்பு நீங்கிய இடத்திலே வியப்பு வந்து அமர்தலும் உண்டு. பழைய அறிஞர் பலரை ஓட்டிசமுடையோர் வரிசையில் இன்று சேர்க்கின்றனர். 1749 இற் கேம்பிறிட்ஜ் புகுந்து 1753 இற் பட்டம் பெறாது நீங்கிய ஹென்றி கவெண்டிஷ் என்னும் பௌதிக இரசாயன அறிஞரைப் பற்றி, ஒலிவர் சாக்ஸ் 2001 ஆம் ஆண்டில் இத்தகைய ஊகமொன்றை ஆதாரத்துடன் எழுதினார். அவ்வாண்டிலேயே கேம்பிறிட்ஜ் மாணவர் 840 பேரிடம் வினாக்கொத்தொன்றைக் கொடுத்து ஆராய்ந்தோர், விஞ்ஞான மாணவரிடத்து ஓட்டிசப் பண்புகள் கலைத்துறை மாணவரிடத்தினும் சற்று மிகுந்திருத்தலைக் கண்டனர். இவை பயனுள்ள ஆராய்ச்சிகளே. ஆயினும், இறந்தோரை வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தல் இயலாது. ஓட்டிசமுடையார் எல்லாரும் கணித மேதையர் என்னும் எண்ணம், மேதையல்லாத மாணவனுக்கு மற்றுமொரு சுமையாகின்றது. தொனல்ட் பயின்றது பிரெஞ்சு மொழி. கிராண்டின் கணிதத்திலே தவறியவர். பல்கலைக் கழகம் செல்லாதோரும் பேச்சே வாராதோரும் இவ்வியல்புடையோருட் பலர். அவர்களின் மதிப்பைப் பட்டத்தால் அளக்கத் தொடங்கினால், வியன்னாவின் பழைய அளவுகோலையே நாம் மீண்டும் கையில் எடுப்போம்.

முடிவுரை

2006 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட ஊனமுற்றோர் உரிமைப் பொருத்தனை, உயர்கல்வியும் அவர்களது உரிமையென வகுத்து, அதற்கேற்ற வசதிகளைச் செய்துகொடுத்தல் அரசுகளின் கடமை எனக் கூறுகின்றது. இலங்கை 2016 ஆம் ஆண்டில் அதனை உறுதிப்படுத்திற்று. ஆகவே, மிசிசிப்பியிலும் நியூ ஹம்சயரிலும் தற்செயலாய் நிகழ்ந்தவை நம் நாட்டிலும் உரிமையாகக் கேட்கப்படத் தக்கவை.

ஆனால், உரிமையைச் சட்டம் வாயில்வரைதான் கொண்டுவரும்; வாயிலுக்கு அப்பால் வகுப்பறை ஆசிரியருடையது. கட்டளையை எழுத்திலே தெளிவாகத் தருதல், மாற்றங்களை முன்னரே அறிவித்தல், கண்ணை நோக்காத மாணவன் கவனியாதவன் என்று முடிவு செய்யாதிருத்தல், அவனது ஒற்றை ஈடுபாட்டை அடக்காது அதற்கு ஓர் ஆய்வுப்பொருளைத் தேடிக் கொடுத்தல் ஆகிய இவற்றுள் எதுவும் பெரும்பொருட் செலவை வேண்டுவதன்று. இவை எல்லா மாணவர்க்கும் நன்மை பயப்பன. சோள வரிசைகளை ஓயாது எண்ணிய சிறுவனிடம் ஏரைக் கொடுத்தவர் பட்டம் பெற்றவரல்லர். அவர் அறிந்திருந்ததைப் பட்டம் வழங்குவோரும் அறிந்துகொள்ளும் நாளிலேயே இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயம் தொடங்கும்.